மாடி எழும்பும் முன்னே

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் சுகமாக இருக்கிறேன்.

மாடி கட்டுவதற்குக் காப்பீடு எடுக்கும்போது கட்டடத்துக்கு மட்டும் எடுத்துவிடாதீர்கள். போன வாரம் நான் மேற்பார்வை பார்க்கும் பழைய வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் சாரம் சரிந்து கொத்தனார் விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு வெறும் சிராய்ப்புதான், ஆறிவிட்டது. அவருக்குக் கால் முறிந்துவிட்டது.

"நான் படுத்துட்டா வீட்ல அடுப்பு எரியாதேம்மா" என்று ஆஸ்பத்திரியில் அழுதார்.

"கவலைப்படாதீங்கண்ணே, வைத்தியம், கூலி எல்லாமே காப்பீட்டுல வந்துடும்" என்றேன்.

"செவுருக்கு மட்டும் போதும்மா" என்று வீட்டுக்காரர் முதலில் சொன்னபோது, வேலையாட்களையும் பக்கத்து வீட்டையும் சேர்க்காமல் கடப்பாரையைத் தொடவிடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "நல்லவேளை, உன் பேச்சைக் கேட்டேன்" என்கிறார் இப்போது.

நம் மேஸ்திரி, "அதெல்லாம் எதுக்கு சார்" என்று இழுப்பார். அசையாதீர்கள். அவர் ஆட்கள்தானே சாரத்தில் ஏறப்போகிறார்கள்?

இன்னொன்று. மாடியில் என் அறை ஜன்னலைச் சமையலறைக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள். அம்மா சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழவேண்டும். இங்கே அப்படிக் கூப்பிட யாருமில்லை.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்