ஏழாம் நோயாளி

மார்ச் 3, திங்கள்
ஏழாம் நோயாளிக்கு மீசை வைப்பது என்று இன்று முடிவெடுத்தேன். யாரையும் கலந்தாலோசிக்கவில்லை, விளைவுகளுக்கு நானே பொறுப்பு. அவர் எங்கள் செவிலியர் பள்ளியின் கணினியில் வசிக்கிறார். மாணவிகள் கேள்விகளைத் தட்டச்சு செய்து அவருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் வரும். பதில்களை எழுதியது நான். சரக்கு என் வீட்டுக்காரருடையது. “ஒண்ணுமில்ல.” “நல்லாத்தான் இருக்கேன்.” “அதெல்லாம் விடு.”

மார்ச் 5
எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிடும் பெண் இந்த நோயாளித் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றாள். நிமிடத்துக்குப் பதினான்கு கேள்வி. வலிக்குதா? காய்ச்சலா? தலை சுத்துதா? அத்தனைக்கும் “இல்ல.” இருபத்து நான்காம் தேதி கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான்.

“மேடம், இந்த ஆளு வேணும்னே மறைக்கிறாரு! இப்படி ஒரு மனுஷன் எங்கயாவது இருப்பாரா?”

எங்கள் வீட்டு சோபாவின் வலது மூலையில் இருப்பார்.

மார்ச் 11
கணினியில் புது ஏற்பாடு: ஆமாம், இல்லை என்று முடித்துவிடக்கூடிய கேள்வி கேட்டால் நோயாளி கொட்டாவி விடுவார். எக்ஸ்பிரஸுக்கு முப்பத்தொரு கொட்டாவி.

மார்ச் 14
ஒன்பது கொட்டாவி. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

மார்ச் 16, ஞாயிறு
விதிமுறைப்படி குற்றம்தான் — எக்ஸ்பிரஸை வீட்டுக்கு வரவழைத்து அசலுக்கு முன்னால் உட்கார வைத்தேன். மீசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மேடம்... இவரா?”

“நான் என்னம்மா பண்ணேன்?” என்றார் அவர்.

“எப்படி இருக்கீங்க சார்?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

பழைய எக்ஸ்பிரஸ் என்றால் இதற்குள் பத்துக் கேள்வி ஓடியிருக்கும். இவள் சும்மா இருந்தாள். பிறகு, “போன வருஷம் செஞ்சிட்டிருந்த எந்த வேலைய இப்ப செய்யறதில்ல சார்?”

அவர் யோசித்தார். “பேப்பர் படிக்கிறதில்லம்மா. எழுத்தெல்லாம் புகை மூட்டமா தெரியுது.”

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“நீ நல்லாருக்கீங்களான்னுதானே கேட்ட?”

அவர் பேப்பரைத் தொடாததைப் பார்த்து, அரசியல் சலித்துப்போய் மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமா ஊருக்கே கேள்வி கேக்கச் சொல்லிக் குடுக்கறேன் — பக்கத்துல உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட —

மார்ச் 24
எக்ஸ்பிரஸ் தேறிவிட்டாள். ஐந்தே கேள்விகள். என் வீட்டுக்காரருக்கு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இடது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை.