நீங்கள் தட்டி எறிந்த சங்கு

அண்ணி,

இன்று மாலை மகள் கல்லூரிப் பையைத் திறந்து சாப்பாட்டு மேசைமேல் ஒரு சின்னச் சங்கை வைத்தாள். கட்டைவிரல் அளவு, பழுப்பில் வலை பின்னியதுபோல் கோடுகள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"கோன் நத்தைம்மா. வரையறதுக்கு லேப்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். உசுரோட இருந்தா ஊசியாட்டம் பல்லால குத்திடும். இதுல சிலது குத்தினா பெரிய ஆளே பொழைக்கிறது கஷ்டம்."

பதினாறு வருடம் முன்பு வேளாங்கண்ணிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் இதே போன்ற ஒன்றைக் கேட்டு வாங்கியவள் நான். "உள்ள உசுரு இருக்குதாம், தொடாதன்றாரு அந்த வலைக்கார அண்ணன். போட்டுடு" என்றீர்கள். நான் சிரித்தேன். கோலார் சுரங்கத்தில் பாறை உடைத்த குடும்பத்துப் பெண். சங்கு என்றால் எனக்குக் காலி ஓடுதான். ஈரக் கைக்குட்டையில் முடிந்து, லிங்கராஜபுரத்து உங்கள் வீடுவரை கொண்டுவந்துவிட்டேன்.

வந்ததும் அதை மூன்று வயது மகளிடம் கொடுத்து, காதில் வைத்தால் கடல் கேட்கும் என்றேன். ஓட்டின் நுனியில் ஏதோ மெல்லியதாக நீண்டது. நான் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்தீர்கள். பாய்ந்து வந்து அவள் கையில் ஓங்கி அடித்தீர்கள். குழந்தை வீறிட்டாள். கீழே விழுந்ததை முந்தானையால் பிடித்து ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தீர்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ. "பெத்தவளுக்குத்தான் புள்ள அருமை தெரியும்" என்றேன். பிள்ளை வேண்டி மாதா கோயிலில் நீங்கள் தொட்டில் கட்டி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. நீங்கள் முடிச்சுப் போடும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

நீங்கள் குழந்தையின் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு உலை வைக்கப் போனீர்கள். நான் சொன்னதை அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. உங்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. போன வருடம் நீங்கள் கண்மூடும்வரை நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்திருப்பீர்கள் என்று சௌகரியமாக நினைத்துக்கொண்டேன்.

மகளுக்கு அந்த அடி மட்டும் நினைவிருக்கிறது. "அத்தை ஒரு தடவ என்னைச் செமயா அடிச்சாங்க இல்ல?" என்று சிரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் வாயிலிருந்து வந்ததையும் சேர்த்து.

அவள் சிரிப்பு நின்றது. "அத்தைகிட்ட சாரி கேட்டியாம்மா?"

"இல்லடி."

அவள் எழுந்து போய்விட்டாள். பக்கத்து அறையில் இங்கும் அங்கும் நடப்பது கேட்கிறது. என் பிள்ளை இன்று நடமாடுவது நீங்கள் அடித்த அடியால், அண்ணி.