தினம் கருகும் வெண்ணெய்

எப்பினால்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சொலேன்,

நானும் அப்பாவும் நலம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கியூபெக்கில் குளிர் இன்னும் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, புது வேலையில் உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா, இதற்கெல்லாம் பதில் எழுது. போனில் பேசாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்னவாம், என்னவாம்" என்று கேட்பார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது. இதைக் கையால் எழுதி, நாளை பள்ளியில் படமெடுத்து அனுப்பிவிடுவேன்.

முதலில் உன்மேல் இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பிறந்தநாளுக்கு அந்த ஃபினான்சியே கேக் அச்சை அனுப்பலாம் என்று உனக்கு யார் யோசனை சொன்னார்கள்? ஒரு சட்டை அனுப்பியிருக்கக் கூடாதா? ஜனவரியில் அவருக்கு வந்த காய்ச்சல் போய், எழுந்து நடமாடத் தொடங்கிய நேரத்தில் அச்சு வந்து சேர்ந்தது, அன்று அடுப்படிக்குள் போனவர்தான். வேலை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றுகிறாரோ இல்லையோ வெண்ணெயை அடுப்பில் வைத்துவிடுகிறார். ஊரில் எல்லோரும் மிஞ்சிப்போன வெள்ளைக்கருவைத் தீர்க்க ஃபினான்சியே செய்வார்கள், உன் அப்பா ஃபினான்சியே செய்வதற்காக முட்டையை உடைத்து மஞ்சள்கருவை என் தலையில் கட்டுகிறார். நானும் கஸ்டர்டு, மயோனைஸ், மறுபடி கஸ்டர்டு என்று தின்று தீர்க்கிறேன், அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டர் என்னைத்தான் திட்டுவார். போன ஜூலையில் நாம் மூவரும் மலைச்சரிவில் முதுகு ஒடியப் பறித்துவந்து ஃப்ரீசரில் வைத்த கருநீலப் பிரம்பெல் பழம் முக்கால்வாசி காலி. மாவை அச்சில் ஊற்றியபிறகு பழத்தை மேலே வைத்து லேசாக அழுத்தினால் போதும் என்று எத்தனை தடவை சொல்வது, உறைந்த பழத்தை அப்படியே மாவில் கொட்டிக் கிளறுகிறார், பாதாம் மாவு முழுக்க சிலேட்டு நிறமாகிவிடுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வெண்ணெய். உருகி, நுரைத்து, சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வெண்ணெய், சத்தம் அடங்கி வறுத்த கொட்டை மணம் எழும்பும்போது இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை. அவர் பாத்திரத்துக்கு நேர்மேலே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், வெண்ணெய் பழுப்பாகிறது, கருக்கிறது, படுக்கையறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் இருமிக்கொண்டு ஓடிவருகிறேன், அவர் "என்ன அவசரம், இன்னும் பதம் வரலயே" என்கிறார். முதலில் பாத்திரம் சரியில்லை என்றார், புதுப் பாத்திரம் வந்தது. அப்புறம் வெண்ணெயில் தண்ணீர் அதிகம் என்றார். அப்புறம் விளக்கு வெளிச்சம் போதவில்லையாம். கருகினதைத் தூக்கியும் போடமாட்டார், அதையே ஊற்றிச் சுட்டு, மேல்மாடி மதாம் ஹுசோனுக்குத் தட்டு நிறையக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த அம்மாள் இரண்டு வாரம் மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டாள், மூன்றாவது வாரம் மாடிப்படியில் வைத்து, "எங்க நாய்க்குக்கூட ஒண்ணு போட்டுப் பாத்தேன் சிரில், அது தின்னுட்டு என்னைத்தான் மொறைச்சுது" என்றாள். அப்பாவும் சளைக்காமல், "உங்க நாய் பாரீஸ்லேருந்து வந்ததாச்சே, நம்ம மலைப்பழம் அதுக்கு எங்க புரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் தன் மூக்குக்குக் கீழே கருகுவதை எப்படி அறியாமல் இருப்பான் என்ற யோசனைதான்.

என்னைத் தெரியுமே உனக்கு, சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். அவர் மாவில் சொட்டுவிடும் கசப்புப் பாதாம் எசன்ஸ் குப்பியைக் காலி செய்து, வெறும் தண்ணீரை நிரப்பி வைத்தேன். மூடியைத் திறந்து கண்ணை மூடி முகர்ந்து, "ஆகா, இதுக்கு ஈடு உண்டா" என்றார். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது என்று மறுநாள் அதில் வினிகரை ஊற்றினேன். அன்றைக்கும் ஆகாதான். அன்று முழுவதும் நான் அவரிடம் சரியாகப் பேசவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. நம் வீட்டில் யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்பதில்லை, நீயும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறாய், அது நல்ல பழக்கம் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

வேறு யாராவதாக இருந்தால் மூக்கு போனால் போகிறது, சாப்பாட்டில் ருசி கொஞ்சம் குறையும் என்று விட்டுவிடலாம். அப்பா செய்வது என்ன வேலை? வீடுவீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைச் சரிபார்க்கும் வேலை. கூட்டாளி ரெஜீஸ் கசிவு காட்டும் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து, "என் மூக்குக்கு பேட்டரி மாத்த வேண்டாம்டா" என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்பவர் இவர். மீட்டர் இவருடைய வண்டியிலும் இருக்கிறது, உறை பிரிக்காமல்.

நேற்று நடந்ததைக் கேள். புகை தாங்காமல், அடுப்பு வைத்தால் ஜன்னலைத் திற என்று நான்தான் சொல்லியிருந்தேன். சந்தைக்குப் போய்விட்டுப் படியேறுகிறேன், கீழ்ப்படியிலேயே கேஸ் வாடை குப்பென்று அடிக்கிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் நெருப்பு அணைந்தால் கேஸ் தானாக நிற்கிற அடுப்பு வாங்கச் சொல்பவர், நம் வீட்டில் மட்டும் அந்தக் கிழட்டு அடுப்பை விடமாட்டாரே. ஓடிப்போய்ப் பார்த்தால் காற்றில் நெருப்பு அணைந்திருக்கிறது, குமிழ் திறந்தபடி இருக்கிறது, இவர் வெள்ளைக்கருவைக் கலக்கி முடித்துவிட்டு, "சனியன் அணைஞ்சு போச்சு" என்று லைட்டரைக் கையில் எடுக்கிறார். லைட்டரைப் பிடுங்கினேன், குமிழை மூடினேன், எல்லா ஜன்னலையும் திறந்தேன். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மதாம் ஹுசோன் கதவைத் தட்டி, "கேஸ் வாடை வருதே சிரில், நல்லவேளை நீங்க வீட்ல இருக்கீங்க, எங்கேருந்துன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அப்பா வாசலில் போய் நின்று, இரண்டு பக்கமும் தலையைத் திருத்தமாகத் திருப்பி, நன்றாக மூச்சை இழுத்தார். "இல்லையே, ஒண்ணும் இல்ல, சாக்கடை வாடையா இருக்கும்" என்றார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதைத்தான் கவனி, சொலேன். அவர் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். நாளைக் காலை ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பாய்லரைச் சரிபார்க்கத் தனியாகப் போகிறார், அங்கேயும் இப்படி மூச்சை இழுத்து ஒன்றுமில்லை என்பார், அங்கேயும் நம்புவார்கள்.

இவ்வளவு எழுதியபிறகு, உன்னிடம் சொல்வதை அவரிடம் சொல்லாமல் இருப்பது வெட்கமாக இருந்தது. பேனாவை வைத்துவிட்டுப் போய்ச் சொன்னேன். இப்போது மாலையாகிவிட்டது.

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "ஜனவரியிலேருந்து" என்றார். எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார். அப்புறம் என்ன கண்றாவிக்கு தினமும் இந்த கேக் என்று கேட்டேன். கருகுகிற வெண்ணெய்தான் வீட்டிலேயே பெரிய வாசனையாம், என்றைக்காவது திரும்ப வந்தால் முதலில் அதுதான் வரும் என்று நின்று பார்த்தாராம். "நேத்திக்குக் கொஞ்சம் வந்த மாதிரி இருந்துச்சு" என்றார். நேற்று வந்திருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

ரெஜீஸைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? "இடுப்பு புடிச்சுக்கிச்சு, வாரம் முழுக்க வரமுடியாது, காப்பகத்தை நீ பாத்துக்க." நான் எதிரில் நிற்கிறேன், கூச்சமில்லாமல் கையை இடுப்பில் வேறு வைத்துக்கொள்கிறார்! ரெஜீஸ் அந்தப் பக்கம், "வயசாகுதுடா கிழவா, சூடா ஒத்தடம் குடு" என்று சிரிப்பது எனக்கே கேட்டது. நாளை ஆபத்தில்லை, அதுவரை சரி. வியாழக்கிழமை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன், அவர் என்ன சொன்னாலும் வெள்ளிக்கிழமைக்குள் ரெஜீஸிடம் உண்மையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானே சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தட்டும்.

புதன்கிழமை வழக்கம்போல உன்னைக் கூப்பிடுவார், அலுத்துக்கொண்டே இடுப்பு வலி என்பார். நான் எழுதியதைக் காட்டிக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஐயோ பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே. "மூக்கு எப்படி இருக்கு அப்பா?" என்று கேள். என்னிடம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார், உன்னிடம் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணே. உன் குடியிருப்பில் கசிவு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுது, இருக்கும் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் அம்மா
மர்த்தின்