பத்தின் மேலே மைனஸ் ஆறு

நவம்பர் 11, திங்கள்

வாட்ஸ்அப்பில் டவுட் குரூப்பை நான் ஆரம்பித்ததே தப்பு. பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் "இளமதி, இது எப்படி?" என்றுதான் வந்து நிற்கிறது. விஜய் கணக்கைப் போட்டோ பிடித்து அனுப்புகிறான், கேள்வியைக்கூட அவன் படித்திருக்க மாட்டான். பதில் போட்டால் ஒரு கட்டைவிரல் பொம்மை. நான் என்ன கைடா? மண்டை காய்கிறது.

நவம்பர் 14, வியாழன்

சட்டம் போட்டாயிற்று. இனி டவுட் கேட்க வேண்டுமானால் முதலில் இன்னொருத்தர் டவுட்டுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சும்மா வந்து வாங்கிக்கொண்டு போகிற வேலை இங்கே நடக்காது. இயற்பியல் மிஸ்ஸே "நல்லாத்தான் யோசிச்சிருக்க" என்றார். நாள் முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

நவம்பர் 27, புதன்

மழை. லீவு. குரூப்பில் விஜயும் ஸ்ரீகாந்தும் நாடகம் போடுகிறார்கள். "ஓம் விதி இன்னா?" என்று இவன் கேட்பானாம், அவன் பதில் சொல்வானாம். "தண்ணியோட வாய்ப்பாடு இன்னா?" என்று அவன் கேட்பானாம். சட்டப்படி இருவரும் பதில் சொன்னவர்கள்! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நிஜ டவுட் ஒன்றுகூட வரவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது போல.

ஜனவரி 3, வெள்ளி

அரையாண்டு இயற்பியல் பேப்பர் கொடுத்தார்கள். எழுபதுக்கு எனக்கு 64. ஏஞ்சலுக்கு 9.

ஒன்பது! தியரியில் பதினைந்து வராவிட்டால் பிராக்டிகலில் முழு மார்க் வாங்கினாலும் பெயில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து மாகறலில் பஸ் ஏறி எனக்கு இடம் பிடித்து வைக்கிறவள் அவள். திருப்புலிவனத்தில் நான் ஏறியதும் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அத்தனை வருஷம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் இறங்கும்போது சொன்னாள்: "ரிவிஷன்லயும் இப்டின்னா கம்பெனி பஸ்ஸுல ஏறிடுன்னு எங்க அண்ணன் சொல்லிட்டான்." ஒரு வருஷம் பிந்திப் பள்ளியில் சேர்த்ததால் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஒரகடம் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ் விடியற்காலையில் அவர்கள் தெருமுனைக்கே வருகிறது. அவள் அண்ணன் ஆல்வின் அதில்தான் போகிறான்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து நான்தான் அழுதேன்.

ஜனவரி 6, திங்கள்

ஏஞ்சலிடம் கேட்டே விட்டேன். "குரூப்ல கேக்கறதுக்கு இன்னாடி? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"கேக்கணும்னா மொதல்ல பதில் சொல்லணும்ல. நான் சொல்றதுக்கு எனக்கு இன்னா தெரியும்?"

என் சட்டம்! எவ்வளவு பெருமையாகப் போட்டேன். கேட்க வேண்டியவள் வாயைத்தான் பார்த்து அடைத்திருக்கிறது. விஜய்க்கு ஒரு பாதிப்பும் இல்லை.

நாளையிலிருந்து மத்தியானம் சாப்பாட்டு மணியில் அவளோடு உட்காரப் போகிறேன். அம்மா, "அதுக்குச் சொல்லிக் குடுத்துகினு நீ கோட்ட வுட்றாத" என்கிறாள்.

ஜனவரி 8, புதன்

சைக்கிள் ஸ்டாண்டில் மின்தேக்கிப் பாடம் முழுவதும் நடத்தினேன். ஒவ்வொரு வரிக்கும் "புரிஞ்சிது" என்றாள். நான் நன்றாகவே நடத்துகிறேன் போலிருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

நன்றாக நடத்தினேனாம். நல்ல லட்சணம்.

சின்னக் கணக்கு. இரண்டு மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, பன்னிரண்டு வோல்ட், மின்னூட்டம் எவ்வளவு? விடை என்று மைனஸ் 1440 எழுதியிருந்தாள். ஃபார்முலா சரி. போட்ட எண்களும் சரி. அப்புறம் இது எங்கிருந்து வந்தது? நான் விளக்க வாயைத் திறந்தேன், பிறகு அடக்கிக்கொண்டு, "நீ எனக்குச் சொல்லு, எப்டிப் போட்ட?" என்றேன்.

"மைக்ரோன்னா பத்து, அது மேல மைனஸ் ஆறு. பத்தாறு அறுபது. அப்போ மைனஸ் அறுபது."

மேலே இருக்கிற அடுக்கைப் பெருக்கல் என்று நினைத்திருக்கிறாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரித்தேன்?

எட்டாம் வகுப்பு கொரோனாவில் போயிற்று. எனக்கு அப்பா போனில் வகுப்பு நடந்தது. அவர்கள் வீட்டில் அப்போது பட்டன் போன்தான். "ஆல் பாஸ் போட்டாங்க. ஒம்பதாவதுல சாரு, இதெல்லாம் போன வருசமே படிச்சிருப்பீங்கன்னு மேல போயிட்டாரு. அப்பறம் போய் யாராண்ட கேக்கறது?" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் பத்தாறு அறுபது. இயற்பியல் அவளுக்கு வராமல் இல்லை. எட்டாம் வகுப்புதான் அவளுக்கு நடக்கவே இல்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முழுக்கப் பத்தின் அடுக்கு மட்டும்தான். மின்தேக்கி, லென்ஸ் எதையும் தொடவில்லை. முறையையும் மாற்றிவிட்டோம். நான் ஒருமுறை சொல்வேன், அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "புரிஞ்சிது" என்கிற வார்த்தைக்குத் தடை. அவள் சொல்லும்போது நான் குறுக்கே பேசக் கூடாது. இதில் எனக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்படுகிறது. ஒரு தடவை துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை ஏஞ்சல் தன் அம்மா சிட்டம்மாளோடு நடவுக்குப் போனாளாம். சேற்றில் நின்றுகொண்டு "மில்லின்னா மைனஸ் மூணு, மைக்ரோன்னா மைனஸ் ஆறு" என்று முணுமுணுத்திருக்கிறாள். "இன்னாடி, எவனுக்கு மந்திரம் போட்டுகினு கீற?" என்று சிட்டம்மாள் கேட்டதாம். வயல் மொத்தமும் சிரித்திருக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

குரூப்பில் போட்டேன்: சட்டம் ரத்து. யாரும் எதையும் கேட்கலாம், எட்டாம் வகுப்பு டவுட்டாக இருந்தாலும்.

ராத்திரி விஜய் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினான். "சைக்கிள் ஸ்டாண்டுல ஏஞ்சலுக்குச் சொன்னியே, அந்த மைனஸ் ஆறு விசயம் எனக்கும் சொல்லிக் குடு. யாருக்கும் சொல்லாத."

இவனுமா! அந்த நாடகமெல்லாம் இதை மறைக்கத்தானா?

பிப்ரவரி 4, செவ்வாய்

ரிவிஷன் பேப்பர். ஏஞ்சல் 22.

எனக்கு 58. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா ஆரம்பித்தாள். கோபம் வந்தது. ஏஞ்சல் மேல்கூடக் கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன். அந்த மத்தியானங்கள் எனக்கு இருந்திருந்தால் ஆறு மார்க் போயிருக்குமா?

ஆல்வின், "சரி, பப்ளிக் வரிக்கும் பாக்கலாம்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். ஆனாலும் கம்பெனி பஸ் இப்போதைக்கு அவளை ஏற்றாமல் போய்விட்டது. நாளை மறுபடி சைக்கிள் ஸ்டாண்ட்.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. விடை பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்று பஸ்ஸில் ஏஞ்சல் சட்டம் போட்டாள். இது நல்ல சட்டம்.

மே 8, வியாழன்

ரிசல்ட். பிராக்டிகலும் சேர்த்து நூற்றுக்கு எனக்கு இயற்பியலில் 91. ஏஞ்சலுக்கு 55. பாஸ்!

போன் செய்தது ஆல்வின். இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. "பாஸாயிட்டா" என்று மட்டும் சொன்னான். வைத்துவிட்டான்.

ஜூலை 2, புதன்

இருவருக்கும் காஞ்சிபுரத்தில் ஒரே காலேஜ். பள்ளிக்கு எதிர்ப்பக்கம், அதனால் திரும்பும்போது இப்போது அவள் ஊர் மாகறல்தான் முதலில் வரும். அவள் தமிழ் மீடியம் வரலாறு. "பத்து மேல இன்னா இருந்தாலும் எனக்கு வாணாம்" என்று சொல்லியே எடுத்தாள். எனக்கு இயற்பியல், பள்ளியில் போலத் தமிழில் இல்லை, இங்கிலீஷ் மீடியம்.

இன்று முதல் வகுப்பு. சார் இங்கிலீஷிலேயே பேசினார், பேசினார், பேசிக்கொண்டே போர்டை நிரப்பினார். கடைசியில் "அண்டர்ஸ்டுட்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட வேகமாக ஆட்டினது நான்தான்.

சாயந்திரம் பஸ்ஸில் எனக்கு இடம் வைத்திருந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கிளாஸ் எப்டி?" என்றாள்.

"புரிஞ்சிது" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. எனக்குத் திருப்பிச் சொல்லு."

வாயைத் திறந்தேன். நோட்டைப் புரட்டினேன். அவள் குறுக்கே பேசவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வரியிலிருந்து ஆரம்பித்து, தப்பாகச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மாகறல் வந்தது. அவள் இறங்கவில்லை.