‘செட்டில் ஆகிவிட்டோம்’

லோவு, லௌடோகா
18 ஜூன் 2000

மாளவிகாவுக்கு,

பேசாமல் இருந்தது போதும். பன்னிரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. சஞ்சனாவுக்குப் பிறந்தநாள் அட்டை மட்டும் அனுப்புவேன், அதில் அவள் பெயரும் என் பெயரும்தான் இருக்கும். உன் வக்கீலின் காகிதம் வராமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அப்படியே போயிருக்கும்.

நீயும் நானும் பிரிந்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். மேலே கொட்டை எழுத்தில் ‘செட்டில்மெண்ட்’ என்று போட்டிருக்கிறார். இத்தனை காலம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் இவ்வளவு நாணயமில்லாத சொல்லை நான் பார்த்ததில்லை. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரன் செட்லர். இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்ட என் தாத்தாவும் அதே கடலில்தான் வந்தார், ஆனால் அவர் கூலி. கூலியின் பேரன் குடியிருக்கும் இடத்துக்குப் பெயர் செட்டில்மெண்ட். மூன்று தலைமுறையாக இந்த லோவு செட்டில்மெண்ட்டில் இருக்கிறோம். இன்னும் நாங்கள் செட்டில் ஆகவில்லை என்று போன மாதம் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள் சொல்கிறார்கள். வழக்குத் தீர்ந்தாலும் செட்டில். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் செட்டில். கல்யாணம் முறிந்தாலும் அதே சொல்தானா?

எண்பத்தேழில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது உன்னையும் குழந்தையையும் நாடி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டவன் நான். அம்மா படுக்கையில் கிடந்தாள். “நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்” என்றுதான் சொன்னேன். அடுத்த மார்ச்சில் உன் கடிதம் வந்தது. ‘இங்கே செட்டில் ஆகிவிட்டோம். சஞ்சனா பள்ளிக்கூடம் போகிறாள்.’ அவ்வளவுதான். எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்குக் காரியம் முடிந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தேன். ‘நாங்கள்’ செட்டில் ஆகிவிட்டோம். நீயும் அவளும். அதில் நான் இல்லை.

கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே முடிந்த காரியத்துக்கு இப்போது ஏன் காகிதம் என்று மட்டும் தெரியவேண்டும்.

இப்படிக்கு,
நடராஜன்
(இந்தக் கையெழுத்து இந்தக் கடிதத்துக்கு மட்டும்.)


ஆக்லாந்து
1 ஜூலை 2000

அன்புள்ள உங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று இத்தனை வருஷம் கழித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிஜமாகவே ஆவல்தான். தலைநகர் சுவாவில் கடைகள் எரிவதை டிவியில் காட்டும்போதெல்லாம், மேற்குப் பக்கம் எப்படி இருக்கிறது என்று ஏதாவது சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். நம் பக்கம் ஒன்றுமில்லையே? வெளியே போனால் அடையாளச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சோதனைச் சாவடியில் உங்கள் இங்கிலீஷைக் காட்டாதீர்கள்.

அத்தை போனது அந்தக் கடிதம் எழுதும்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்களும் சொல்லவில்லை. யாரோ சொல்லித்தான் கேட்டேன்.

அந்தக் கடிதம் எழுதும்வரை நானும் சஞ்சனாவும் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் படுத்திருந்தோம். மூன்று பேர் இருக்கிற மாதிரி வீடு கிடைத்த அன்றைக்கு, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அதன்மேல் வைத்து எழுதின கடிதம் அது. ‘ஆகிவிட்டோம்’ என்றுதான் எழுதினேன். ‘நாங்கள்’ என்று நான் எழுதவே இல்லை. ‘நாம்’ என்று மனதில் வைத்து எழுதினேன். இரண்டுக்கும் தமிழில் அதே ‘ஓம்’தான். இலக்கணம் படித்த உங்களுக்கு இதை நான் சொல்வதா? வீடு கிடைத்துவிட்டது என்றால் வாருங்கள் என்றுதானே அர்த்தம்? இலை போட்டாச்சு என்று சொன்ன பிறகு யாராவது தனியாகச் சாப்பிட வாருங்கள் என்று சொல்வார்களா?

அதற்கு நீங்கள் போட்ட பதில் இன்னும் நினைவிருக்கிறது. ‘சந்தோஷம். அங்கேயே செட்டில் ஆகவும்.’ ஆகவும்! வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அழக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்காரரிடம் போய், இரண்டு பேர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது ஏன் காகிதம் என்று கேட்டிருக்கிறீர்கள். சஞ்சனா கிளப்பினதுதான். ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, “அம்மா, யூ ஜஸ்ட் செட்டில்டு” என்றாள்.

“ஆமாண்டி, எப்பவோ ஆயிட்டோமே” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். “அது இல்ல அம்மா. வேணும் பெருசு. எடுத்தது சின்னது. அது போதும் சொல்லிட்டே.” அவள் தமிழ் அவ்வளவுதான், ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. எந்தக் காகிதத்திலும் திருமணமானவர் என்று எழுதுகிறேன். வீட்டில் இரண்டு தட்டு கழுவுகிறேன். ஏதாவது ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் வக்கீலிடம் போனேன். வேறு யாரும் இல்லை. அப்படி நினைத்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்கிறேன், உங்கள்மேல் வருத்தமில்லை. போடாவிட்டால் என்ன என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அகராதியை எடுப்பீர்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை விடாதீர்கள்.

மாளவிகா


லோவு, லௌடோகா
16 ஜூலை 2000

அன்புள்ள மாளவிகாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் ஒருமுறை படித்துவிட்டுச் சில நாள் தொடவில்லை. கோபம். ‘வாருங்கள்’ என்பது ஒரே ஒரு சொல். அதை எழுதியிருந்தால் எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் வேறு மாதிரி ஆகியிருக்கும். பெண்டாட்டி எழுதவேண்டியதில்லை, கணவனுக்குத் தானாகத் தெரியவேண்டும் என்பது திருச்சியில் உங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் எதையும் சத்தம் போட்டுச் சொல்வார்கள். நான் ஆகவும் என்று எழுதியதற்கும் நீ எழுதாமல் விட்டதற்கும் சரியாகப் போயிற்று என்று நினைக்காதே. என் கணக்கில் இன்னும் சரியாகவில்லை.

ஊர்ச் செய்தி. பிணையாகப் பிடித்து வைத்திருந்தவர்களை விட்டுவிட்டார்கள். அடுத்த கரும்புத் தோட்டத்துப் பொன்சாமி போகிறார். நில லீஸ் முடிந்துவிட்டது, நிலத்துக்காரர்கள் புதுப்பிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வீட்டைப் பிரித்துத் தகரத்தையும் பலகையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு நமாகாவுக்குப் பின்னால் எங்கோ போகிறார்கள். என் லீஸும் டிசம்பரோடு சரி. நேற்று கடைசியாக என்னைக் கூப்பிட்டார். கூரை இல்லாத வீட்டில் பாய் போட்டு, பெரிய பேசினில் குடிக்க நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்து வைத்திருந்தார்.

“ஆக்லாந்துலேர்ந்து லெட்டர் வந்துச்சாமே மாஸ்டர்? டீச்சரம்மா என்னா சொல்றாங்க?”

“செட்டில் ஆயிட்டோம்னு சொல்றாங்க.”

“அது பழைய நியூசாச்சே! புது நியூசு என்கிட்ட கேளுங்க. ஒரு செட்டில்மெண்ட்ட விட்டு இன்னொரு செட்டில்மெண்ட்டு போறேன். செட்டில் மட்டும் ஆவறதில்ல.” சிரித்தார். அவர் மனைவி ஜான்கி வெளியிலிருந்து, “பஸ் பண்ணுய்யா, பேசினது போதும், தகரம் யாரு ஏத்துறது? மாஸ்டரா?” என்று கத்தினாள். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நான் வாய் மூடாமல் உன்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரட்டைப் பியாலாவை முக்கி நீட்டினார். குடித்தால் வெறும் தண்ணீர்.

“என்ன பொன்சாமி, ஒன்றுமே இல்லையே இதில்?”

“பேசிக்கிட்டே விட்டுட்டீங்க, செட்டில் ஆயிடுச்சு. எல்லாம் அடியிலதான் கெடக்குது. எங்கியும் போவல.” பேசினுக்குள் கையை விட்டுக் கலக்கினார்.

அடியில் படிவதற்கும் அதே சொல்தான். பிள்ளைகளுக்கு நானே எழுதிப்போட்டிருக்கிறேன். வண்டலாகப் படிவது என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே, உபதேசம் எனக்கே பிடிக்காது. இரண்டாவது பியாலா தொண்டையில் காரமாக இறங்கியது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். மூன்று பேருக்கான வீடு என்று நீ எழுதியிருந்த இடத்துக்கு மேலே போகமுடியவில்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீராத கோபத்தோடு ஒரு மனிதன் உன் சமையலறையில் உட்கார்ந்தால் உன்னால் பொறுக்கமுடியுமா என்று எனக்குத் தெரியாது. சஞ்சனாவிடம் கேள். அவளுக்குப் புரிகிற தமிழில் கேள்.

வக்கீல் நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்திருக்கிறார். இன்று மத்தியானம் பேனாவைத் திறந்துகொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். என் பெயரை எழுதுவதில் எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. இன்று மை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடி போட்டு வைத்துவிட்டேன்.

காகிதத்தை வந்தபடியே மடித்து இதனுடன் வைக்கிறேன். இந்தக் கடிதத்தின் அடியிலும் பெயர் இருக்காது. உன் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. இந்தக் காகிதங்களில் எங்காவது என் கையெழுத்தைக் கண்டால் சம்மதம் என்று நினைத்துவிடுவார், அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. நாளைக் காலை லௌடோகா தபாலாபீசில் இரண்டையும் ஒரே உறையில், கையெழுத்தில்லாமலே சேர்க்கிறேன்.