வா என்று சொல்ல ஒரு ஆள்

என் கோபத்தையெல்லாம் சிரித்தே ஆற்றிய ராணிக்கு,

நாளையோடு நீ போய் ஒரு வருடம். காலையில் உன் அம்மா போன் செய்தார். "நாளைக்கு ராணிக்குப் படைக்கிறோம். சங்கரா மீன் கொழம்புதான் வைக்கப் போறேன். வந்துடு சுமதி" என்றார். சரிம்மா என்றேன்.

இந்தக் கடிதத்தை நம் குழுவிலேயே போடுகிறேன், எல்லாரும் படிக்கட்டும். புதிதாக வந்தவர்களுக்கு உன்னைத் தெரியாது. பழைய ஆட்களுக்கு நான் செய்த தப்பு முழுதாகத் தெரியாது.

2009இல் நான் உள்ளே வந்தது ஞாபகம் இருக்கிறதா? குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வந்து, சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். வருமானச் சான்றிதழுக்கு மூன்று முறை அலைந்த எரிச்சல். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருப்பதாகத் தோழி சொல்லியிருந்தாள். தேடிப் பிடித்து, "இங்க யாருக்காவது எதாவது தெரியுமா, இல்ல சும்மா கூட்டமா?" என்று எழுதினேன்.

இரண்டு நிமிடத்தில் உன் பதில் வந்தது. "வா சுமதி. கோவமா வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி. எந்த ஊரு? சாப்ட்டியா?"

அப்புறமும் நீ பதிலைச் சொல்லவில்லை. "பாபு அண்ணே, நீங்கதான போன மாசம் வாங்குனீங்க? இந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க" என்று அதுவரை ஒரு வரிகூட எழுதாதவரை இழுத்து விட்டாய். கடலூர் கோர்ட் பக்கம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்த உனக்கு, எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போகும் என்று தெரியாதா என்ன? பின்னால் இதைக் கேட்டபோது சொன்னாய்: "எல்லாத்தையும் நானே சொல்லிட்டா, கடைசியில நான் மட்டும்தான்டி இருப்பேன். அவரு சொன்னா நாளைக்கு அவரும் வருவாரு."

அப்படித்தான் நீ ஆள் சேர்த்தாய். யார் வந்தாலும் உன் "வா" முதலில். இரண்டு நாள் யாராவது சத்தம் காட்டாவிட்டால், "ஏன், ஒடம்பு சரியில்லியா?" என்று போன். என்னைவிட ஆறு மாதம் மூத்தவள் என்று ஜாஸ்தி அலட்டல் வேறு. "அக்கான்னு கூப்புடுடி" என்று வம்பிழுப்பாய். போடி, என்பேன் நான்.

எவனோ ஒருவன் உள்ளே புகுந்து பெண்களுக்கு அசிங்கமாக எழுதியபோது ஒரு விதி வைத்தோம். புதிதாக வருபவர் எழுதுவதை அட்மின் படித்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். என்னையும் அட்மின் ஆக்கினாய். "நான் வாயத் தொறந்தா பாதிப் பேரு ஓடிடுவாங்கடி" என்றேன். "ஓடட்டும். மீதிப் பேரு உன்ன நம்பி இருப்பாங்க" என்றாய். நான் பெயருக்குத்தான் அட்மின். கதவு திறப்பதெல்லாம் நீதான்.

பிறகு மஞ்சள் காமாலை. பத்தே நாள். பாவி, சொல்லிக்கொள்ளவாவது நேரம் கொடுத்தாயா?

உங்கள் வீட்டுக்கு வந்தேன். சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றும் சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

அதையே குழுவிலும் செய்தேன் ராணி. அதுதான் என் தப்பு. ஆளுக்கொரு வரி அஞ்சலி எழுதியதோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். உன் காரியம் முடியும்வரை யாரையும் வா என்று கூப்பிடுவது முறையில்லை என்று நானே முடிவுகட்டினேன். உன் இடத்தில் உட்கார பயமும் இருந்தது. பதினாறாம் நாள்வரை அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே சாவு விழுந்தது எப்படித் தெரியும்? நம் குழுவுக்கு முன்னால் என்ன பந்தலா போட்டிருந்தது?

திறந்தபோது நித்யா என்று ஒரு பெண்ணின் மூன்று செய்திகள் அட்மின் அனுமதிக்காகக் காத்திருந்தன. உன் ஊருக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். "அக்கா, காலேஜ் அப்ளிகேஷன்ல பெத்தவங்க கையெழுத்து கேக்குறாங்க. அப்பா இல்ல. அம்மாவுக்குக் கைநாட்டுதான். செல்லுமா?" நான்கு நாள் கழித்து: "நாளைக்குக் கடைசித் தேதி. யாராச்சும் இருக்கீங்களா?" அதற்கு மறுநாள் ஒரே வார்த்தை: "சரி."

செல்லும் என்று ஒரு சொல் போதுமே! தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "பரவால்லக்கா. அம்மாகூட மீன் விக்கப் போறேன்" என்றாள். "பரவால்லன்னு சொல்லாத, என்னத் திட்டு!" என்று அவளிடமே கத்தினேன். பார், அப்போதும் என் புத்தி மாறவில்லை.

அன்றே குழுவில் நடந்ததை எழுதினேன். "தப்பு என்னோடது. இந்தப் பொண்ணுக்கு இந்த வருஷமே எடம் வேணும். யாருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். ஒருத்தரும் ஓடவில்லையடி. அத்தனை நாள் ஊமையாக இருந்தவர்கள் மாலைக்குள் வரிசையாக எழுதினார்கள். கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியலுக்கு இடம் மிச்சம் இருக்கிறது, திங்கள்வரை விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று விசாரித்துச் சொன்னவர் அதே பாபு அண்ணன்.

திங்கட்கிழமை நித்யாவையும் அவள் அம்மாவையும் நானே கூட்டிப்போனேன். அந்த அம்மா கையைப் புடவையில் மூன்று தடவை துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தார். "செல்லுங்களா?" என்று குமாஸ்தாவைக் கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏம்மா செல்லாது?" என்றார். நித்யா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது முதல் வருடம் முடித்துவிட்டாள். கதவு திறக்கும் வேலையை நான் ஒருத்தியே வைத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஏழு நாள், ஏழு பேர். வியாழக்கிழமை நித்யா. போன வியாழன் ஒரு பெண் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டிருந்தாள். நான் பார்ப்பதற்குள் நித்யாவின் பதில் விழுந்திருந்தது: "வா. எந்த ஊரு? சாப்ட்டியா?" அவள் உன்னைப் பார்த்ததுகூட இல்லையே! "இந்தச் சாப்ட்டியாவ மொதல்ல ஆரம்பிச்சது யாருக்கா?" என்று அவள் கேட்டதால்தான் இந்தக் கடிதமே.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி நம்மில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும், என் வீட்டிலேயே விழுந்தாலும், வெளியே நிற்பவருக்கு அன்றைக்கே வா என்று சொல்ல ஒரு ஆள் இருக்கும்.

அன்று உன் வீட்டிலிருந்து சொல்லாமல் வந்தது ஒரு வருடமாக நெஞ்சில் கிடக்கிறது. நாளை படையல் முடிந்ததும் உன் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். உன்னிடம் இப்போதே சொல்கிறேன்.

போயிட்டு வரேன், அக்கா.

உன் தங்கச்சி,
சுமதி