தகரத்துக்குக் கீழ்ப்பக்கம்

அக்டோபர் 8
இந்த வருஷம் மலையில் சீக்கிரமே முதல் உறைபனி. என் தக்காளியில் கீழ் இரண்டு வரிசை காலையில் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. மேலே ஓரகத்தியின் செடிகளுக்கு ஒன்றுமில்லை. பாகம் பிரித்தபோது சரிவு கொழுந்தனுக்கும் பள்ளம் எங்களுக்கும் வந்தது. குளிரையும் எங்கள் பெயருக்கே எழுதிவைத்துவிட்டார்கள் போல.

மேட்டில் நின்றபடி கேட்கிறாள்: "அக்கா, உங்க பக்கம் போயிடுச்சா?" கண் தெரியவில்லையா இவளுக்கு?

அக்டோபர் 9
அவள் செடியைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். பல் தேய்க்கும்போது பார்த்தேன். துணி காயப்போடும்போது எண்ணினேன். பன்னிரண்டு வரிசை.

அக்டோபர் 12
பழைய கொட்டகையின் கூரைத் தகரம் சும்மா கிடக்கிறது. எல்லையில் வேலியாக நிறுத்தச் சொன்னேன். "எதுக்கு?" என்றார் இவர். அவள் கோழி வந்து கிளறுகிறது என்றேன். அவளிடம் இருப்பதே மூன்று கோழி, மூன்றும் மேட்டை விட்டு இறங்கியதில்லை. இவருக்கும் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டே குழி தோண்டினார்.

அக்டோபர் 14
வேலி முடிந்தது. ஆள் உயரம், சந்து பொந்து கிடையாது. சமையலறை ஜன்னலில் இப்போது தகரம் மட்டும்தான் தெரிகிறது. நிம்மதி.

அக்டோபர் 19
கடும் உறைபனி. வாளித் தண்ணீரில் ஏடு கட்டியிருந்தது ஐஸ். பயந்துகொண்டே போனேன் — என் செடி ஒன்றுகூடச் சாகவில்லை! ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். வேலியை ஒட்டி அவளுடைய ஆறு வரிசை கருகிக் கிடந்தது.

சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன்? இன்னொரு டம்ளர் டீ போட்டுக் குடித்தேன்.

அக்டோபர் 20
வந்தாள். கை நிறையப் போர்வை. கண் வீங்கியிருந்தது.

"என்னுது பாதி போச்சு அக்கா. உங்களுதாவது நிக்குதே. இதைப் போர்த்துங்க. மேல இருக்கற மிச்சத்துக்கு ஒண்ணும் ஆகாது."

நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திக்கொள்கிறாள். வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன்.

அக்டோபர் 22
விடியும்போது இவர் என்னை இழுத்துப்போய்த் தகரத்துக்கு மேல்பக்கம் நிறுத்தினார். கால் வெடவெடத்தது. கீழ்ப்பக்கம் அவ்வளவு குளிரில்லை.

"குளிர் காத்து தண்ணி மாதிரி சரிவுல இறங்கி வரும். முன்னெல்லாம் நம்ம பக்கம் வந்து தேங்கும். இப்ப நாம அணை கட்டிட்டோம், அவங்க பக்கம் தேங்குது."

அப்படியென்றால்? அந்த ஆறு வரிசை — நான் செய்ததா?

"அவகிட்ட சொல்லாதீங்க" என்றேன். சொல்லமாட்டார். அதுதான் தொல்லை.

அக்டோபர் 23
நாளை ராத்திரி இன்னும் கடுமையாம், ரேடியோவில் சொன்னார்கள். வேலி இருந்தால் அவளுடைய மிச்சமும் போகும். கழற்றினால் என்னுடையது போகும். அந்தப் போர்வைகள் எத்தனை செடிக்குக் காணும்?

நான் ஏன் கழட்டணும்? பள்ளத்துல இருக்கறது என் தப்பா? மூணு வருஷமா என் செடி கருகினப்ப யாரு வந்தா —

அவதான் வந்தா. ஒவ்வொரு தடவையும்.

அக்டோபர் 24
மாலையில் தகரம் முழுவதையும் கழற்றினோம். சத்தம் கேட்டு அவள் இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கோழிப் பொய் உட்பட. திரும்பி மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

அக்டோபர் 25
போர்வைக்குள் இருந்ததைத் தவிர எல்லாம் போனது. அவளுடைய ஆறு வரிசை நிற்கிறது. வயிறு எரியத்தான் செய்கிறது.

அக்டோபர் 26
இலைக்கடியில் உறையாமல் தப்பிய காய்களைப் பறித்துக்கொண்டிருந்தேன். அவள் கூடையோடு வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடை நிறைந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பாகம் பிரிச்சப்ப வாய்க்கால் உங்க பக்கம் போச்சு. நான் வாளி வாளியா மேட்டுக்குத் தூக்கறேன். உங்களைப் பார்த்து ஒரு கோடை பாக்கியில்லாம பொருமியிருக்கேன் அக்கா. போன சித்திரையில ஒருநாள் உங்க மடையில மண்ணைத் தள்ளி அடைச்சுட்டுப் போனேன்."

"அடிப்பாவி! அது நீயா? மாடு மிதிச்சதுன்னுல்ல நெனச்சேன்!"

கோபப்பட்டிருக்க வேண்டும். நாள் முழுக்க முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.